விரலால் வாசிக்கும் பேஸ்காரர்களில் யாரைக் கேட்பது?

கேள்வி: "பேஸ் கிடார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஸ்லாப்தான். எனக்குக் கட்டை விரலால் அடிக்கும் ஆசை இல்லை, பிக்கும் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) கைக்கு ஒத்துவரவில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒழுங்காக வாசிக்க வந்தால் போதும். கேட்டவுடன் கிடாரைக் கையில் எடுக்கத் தோன்றுகிற மாதிரி வாசிப்பவர்கள் யார் யார்? பெயர் மட்டும் சொன்னாலும் சரி."

ஜனவரி 6

பெயர் மட்டும் என்றால் சுலபம். ஜேம்ஸ் ஜேமர்சன், ஜாக்கோ பஸ்டோரியஸ், ராக்கோ பிரெஸ்டியா, சக் ரெய்னி, டக் டன், வில்லி வீக்ஸ், ஜெரி ஜெமட், ஆஸ்டன் பாரெட், ஜான் பால் ஜோன்ஸ், ஸ்டீவ் ஹாரிஸ், பினோ பல்லடினோ, கேரல் கே, ஆந்தனி ஜாக்சன், ஜோ டார்ட். பதினான்கு பேர். ஒரு வாரம் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஜனவரி 6, ஒரு மணி நேரம் கழித்து

அவசரத்தில் உளறிவிட்டேன். கேரல் கே பிக்கால் வாசிப்பவர். அவருடைய அந்தத் தெளிவான 'டிக்' சத்தம் பிக்கிலிருந்து வருவது. தந்திமேல் ஃபெல்ட் துணித் துண்டு வைத்து ஒலியை அடக்கியும் வாசிப்பார். ஆந்தனி ஜாக்சன் விரலாலும் வாசிப்பார், ஆனால் அவரைத் தேடினால் எல்லாரும் முதலில் கொடுப்பது 'ஃபார் தி லவ் ஆஃப் மணி' (1973). அது பிக்கும், ஒலியைச் சுழல வைக்கும் ஃபேஸர் என்ற கருவியும். அதைக் கேட்டுவிட்டு விரலால் அந்த ஒலியைத் தேடி அலையாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கேரல் கேயின் வரி ஒன்றை ஏறக்குறைய ஒரு வருடம் விரலாலேயே வாசித்து, ஏன் அந்த 'டிக்' வரவில்லை என்று ஆம்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) திருகிக்கொண்டே இருந்தேன். டிரபிளை ஏற்றினேன், தந்தி மாற்றினேன், நகம்கூட வளர்த்தேன். கடைசியில் அவர் வாசிக்கும் படம் ஒன்றைப் பார்த்தபோது கையில் பிக்.

ஆகப் பன்னிரண்டரை பேர்.

ஜனவரி 9

மூன்று நாளாக உறுத்துகிறது. எட்டு மாதக்காரரிடம் பதினான்கு பெயரைக் கொட்டியது, நீச்சல் பழக வந்தவரைப் பதினான்கு குளத்துக்கு அனுப்பிய மாதிரி. நான் தொடங்கியபோதும் ஒருவர் இப்படித்தான் நாற்பது பெயரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். அந்த நாற்பது பேரையும் வரிசைப்படுத்திப் பட்டியல் தயாரிப்பதிலேயே எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று. யார் எந்த வருடம் எந்தக் கிடார் வைத்திருந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நாலு பார் (தாளச் சுற்று) ஒழுங்காக வாசிக்க வராது.

அதனால் ஒரே ஒருவர்: ஜேமர்சன்.

அறுபதுகளில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்துப் பாட்டுகளில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய பேஸ் பெரும்பாலும் இவருடையதுதான். உறைமேல் பெயர் போடாத காலம், ஆகவே பல வருடம் அவர் யாரென்றே கேட்பவர்களுக்குத் தெரியாது. டபுள் பேஸில் தொடங்கி மின்சார பேஸுக்கு வந்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்துவார். அந்த விரலுக்கு 'ஹூக்', அதாவது கொக்கி, என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதில் மேற்பரப்பு வழுவழுப்பான, கனமான ஃபிளாட்வவுண்ட் தந்திகள், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். உடல் பக்கம் தந்திகள் முடியும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச்.

இந்த ஸ்பாஞ்சும் பழைய தந்தியும் சும்மா சொல்லும் சுவாரசியத் தகவல்கள் இல்லை. ஒலி சட்டென்று அடங்கிவிடுவதால்தான் அவர் அத்தனை நோட்டுகளை நெருக்கி வாசித்தும் பாடகரின் குரலை மறைக்காமல் இருக்கிறார். அதே நோட்டுகளை நான் சொரசொரப்பான புது ரவுண்ட்வவுண்ட் தந்தியில் வாசித்தேன். மாடிப்படியில் பாத்திரம் உருண்ட மாதிரி இருந்தது. பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி பிரிட்ஜ் பக்கம் தந்திகளுக்கு அடியில் செருகினேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதி நான்.

ஒரு பாட்டு, நாலு பார். அதற்கு மேல் வேண்டாம். ஒரு மாதம் அதிலேயே இருங்கள்.

ஜனவரி 10

"அப்படியானால் நானும் ஒரே விரலால் வாசிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் முயன்று பார்த்தாயிற்று. நாலாம் நாள் ஆள்காட்டி நுனியில் பட்டாணி அளவு கொப்புளம். ரோஷத்தில் விடாமல் வாசித்ததில் ஆறாம் நாள் அது உடைந்தது. அப்புறம் பத்து நாளைக்குச் சட்டைப் பித்தான் போடக்கூட இடது கைதான்.

ஆனால் அந்தக் கூத்திலிருந்து ஒன்று கிடைத்தது. ஒரே விரலால் வாசிக்கும்போது எல்லா நோட்டும் ஒரே எடையில் விழுகிறது. இரண்டு விரலை மாற்றி மாற்றி வாசிக்கும்போது அப்படி விழுவதில்லை. பரிசோதனை எளிது. திறந்த (இடது கை அழுத்தாத) ஏ தந்தியில் ஒரு நிமிடம் மாற்றி மாற்றி வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எது ஆள்காட்டி, எது நடுவிரல் என்று சொல்ல முடிகிறதா? என் பதிவில் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. நடுவிரல் நீளம், தந்திக்குள் ஆழமாக இறங்கி ஓங்கிக் குத்துகிறது. ஆள்காட்டி வருடிவிட்டுப் போகிறது. நொண்டி நடை. இத்தனை வருடம் அதைத்தான் க்ரூவ், அதாவது தாளத்தின் ஆட்டம், என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டைச் சற்றுத் திருப்பி இரண்டு நுனியும் தந்தியை ஒரே கோட்டில் தொடும்படி வைத்தால் பெருமளவு சரியாகும். இழுத்த விரல் அடுத்த தந்தியில் போய் ஓய்வெடுக்க வேண்டும், காற்றில் பறக்கக் கூடாது.

ஜனவரி 14

ஒரு சின்ன விஷயம். கைபேசி ஒலிபெருக்கியில் பேஸ் கேட்டுப் படிக்காதீர்கள். திறந்த ஈ தந்தியின் அதிர்வு நொடிக்கு சுமார் 41. அந்தக் குட்டி ஒலிபெருக்கி அதைத் தராது. மேலே உள்ள துணை ஒலிகளை வைத்து நம் மூளைதான் அடியை ஊகித்துக்கொள்கிறது. நோட் எதுவென்று கண்டுபிடித்துவிடலாம். விரல் எப்படிப் பட்டது, ஒலி எங்கே நின்றது என்பதெல்லாம் போய்விடும். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால்கூடப் போதும்.

ஜனவரி 17

இன்று ராக்கோ பிரெஸ்டியா. ஒரே ஒருவர் என்று சொன்ன வாய்தான் இது, தெரிகிறது. ஆனால் ஜேமர்சனில் எனக்குப் புரியாமல் இருந்த ஒன்று இவரைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

டவர் ஆஃப் பவர் குழுவின் பேஸ்காரர். 2020இல் காலமானார். 'வாட் இஸ் ஹிப்?' (1973) கேளுங்கள். தகதிமி தகதிமி தகதிமி தகதிமி என்று ஒரு மாத்திரைக்கு நாலு வீதம் நிற்காமல் ஓடுகிறது பேஸ். முதல் முறை கேட்கும்போது, ஆகா என்ன வேகமான வலது கை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் வாசிக்கும் காணொளியில் வலது கையையே மாதக்கணக்கில் வெறித்துப் பார்த்தேன். இரண்டே விரல். விசேஷமாக ஒன்றும் இல்லை. நானும் அதே வேகத்துக்கு வந்துவிட்டேன், ஆனால் என்னுடையது தேனீக்கூட்டம் மாதிரி ஒரே ரீங்காரம். அவருடையதில் ஒவ்வொரு 'த'வும் 'க'வும் தனித்தனியே கேட்கிறது.

ஒரு நாள் வெறுத்துப்போய்த் திரையின் ஒரு பாதியை உறை ஒன்றால் மறைத்துவிட்டு இடது கையை மட்டும் பார்த்தேன். அங்கேதான் இருக்கிறது விஷயம். ஒரு விரல் நோட்டைப் பிடிக்கிறது. மற்ற விரல்கள் தூக்கி நிற்கவில்லை. தந்திகளின்மேல் சும்மா படுத்திருக்கின்றன. அழுத்தவில்லை, விலகவும் இல்லை. நோட்டைப் பிடித்த விரலும் முழுதாக அழுந்துவதில்லை. பிடிக்கிறது, உடனே தளர்கிறது, ஆனால் தந்தியை விட்டு எழுவதில்லை. வலது கை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க, எது நோட்டாக ஒலிக்க வேண்டும், எது வெறும் 'டக்' என்று செத்த நோட்டாக விழ வேண்டும் என்பதை இடது கைதான் முடிவு செய்கிறது.

விரல் வாசிப்பு என்றால் வலது கைச் சமாச்சாரம் என்றுதான் கேள்வி கேட்டவரும் நினைக்கிறார், நானும் அப்படி நினைத்துத்தான் பதில் எழுதத் தொடங்கினேன்.

ஜனவரி 18

மெட்ரோநோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60இல் வைத்துத் தகதிமி போடுங்கள். ஒரு மாத்திரைக்கு நாலு. அதில் முதல் 'த' மட்டும் நோட், மற்ற மூன்றும் செத்த நோட். பிறகு 'தி' மட்டும் நோட். பிறகு 'க' மட்டும். 'க'வில் எல்லாருக்கும் கை தடுமாறும். கடைசி 'மி'யில் கோபம் வரும். 60 என்பது மிக மெதுவான வேகம் என்று நினைத்துச் சிரிக்கிறவர்கள் பத்து நிமிடம் கழித்து வந்து சிரிக்கவும்.

ஜனவரி 23

"ஜாக்கோவைச் சொல்லாமல் விரல் வாசிப்பு பேசுவது, நிலவைச் சொல்லாமல் பௌர்ணமி பேசுவது மாதிரி" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்திருக்கிறார். பட்டியலில் இரண்டாவது பெயரே அவர்தான், ஐயா.

ஆனாலும் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு, நான் அவரைத் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காரணம் சொந்த அனுபவம். 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை நான் கேட்டது கற்றுக்கொள்ளத் தொடங்கிய முதல் வருடத்தில். தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸைப் பெரும்பாலும் வைத்தே ஒரு முழு உருப்படி வாசித்திருப்பார். அதைக் கேட்ட அன்று கிடாரைக் கையில் எடுக்கத் தோன்றவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டத் தோன்றியது. ஒன்றரை மாதம் பூட்டித்தான் வைத்திருந்தேன். கேள்வியில் 'எடுக்கத் தோன்றுகிற மாதிரி' என்று இருக்கிறதல்லவா, அதனால்தான் தயக்கம்.

அவரிடம் எட்டு மாதக்காரர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. வலது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜுக்கு அருகில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பின்பக்கப் பிக்கப்பின்மேல். அங்கே தந்தி விறைப்பாக இருக்கும், ஒலி இறுகி மூக்கால் பேசுகிற மாதிரி வரும். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) இல்லாத பேஸ், எபாக்ஸி பூசிய பலகை எல்லாம் பிறகுதான். உங்கள் கிடாரிலேயே ஒரே நோட்டை நெக் ஓரத்தில் நாலு முறை, நடுவில் நாலு முறை, பிரிட்ஜ் ஓரத்தில் நாலு முறை வாசித்துப் பாருங்கள். மூன்று வெவ்வேறு ஆட்கள் வாசித்த மாதிரி இருக்கும். ஆம்பில் உள்ள எந்தத் திருகையும் தொடாமல்.

இன்னொன்று. 1985இல் அவர் ஒரு பாடக் காணொளி செய்தார். அதில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் ஜெரி ஜெமட். ஜாக்கோ சிறுவயதில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பேஸ்காரர்களில் ஒருவர் அவர், பி.பி. கிங்குக்கும் அரீதா ஃப்ராங்க்ளினுக்கும் வாசித்தவர். ஜாக்கோ கேட்டு மிரண்டால், ஜாக்கோ யாரைக் கேட்டார் என்று ஒரு படி கீழே இறங்குங்கள். ஜெமட் மிரட்ட மாட்டார். ஆனால் ஜாக்கோவின் துள்ளல் எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் தெரியும்.

ஜனவரி 24

10ஆம் தேதி எழுதியதற்குத் திருத்தம். இரண்டு விரலும் மாறி மாறி வர வேண்டும் என்பதை வேதம் மாதிரி எழுதிவிட்டேன். மேல் தந்தியிலிருந்து கீழ்த் தந்திக்கு இறங்கும்போது விரலை மாற்ற வேண்டியதே இல்லை. ஜி தந்தியை இழுத்த அதே விரல் டி தந்தியில் போய்த்தான் ஓய்வெடுக்கிறது. ஏற்கெனவே அங்கேதானே இருக்கிறது, அப்படியே அதையும் இழுத்துவிட வேண்டியதுதான். ரேக் என்பார்கள். ஒரே விரலால் ஜேமர்சன் அத்தனை வாசித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆரம்பத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ரேக் செய்தால் சோம்பேறி என்பார். அவர் பேச்சைக் கேட்டுப் பல வருடம் கண்டிப்பாக மாற்றி மாற்றி வாசித்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் இறங்கு வரிசைகளில் கை எப்போதும் பதற்றமாகவே இருக்கும். இரண்டையும் பழகுங்கள். ஒன்று: ரேக் செய்யும்போது இறங்கும் நோட்டுகள் அவசரப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று விழும். மெட்ரோநோம் இல்லாமல் செய்யாதீர்கள்.

ஜனவரி 30

ராக் பக்கம் யாரும் இல்லையா என்று கேட்டவர்களுக்கு.

ஸ்டீவ் ஹாரிஸ், அயர்ன் மெய்டன். அந்தக் குதிரை ஓட்டம் முழுக்க விரல்தான், பெரும்பாலும் இரண்டே விரல். தந்தியோ ஃபிளாட்வவுண்ட், கேட்டால் நம்ப மாட்டீர்கள். பில்லி ஷீஹான் மூன்று விரல். ரஷ் குழுவின் கெடி லீ பிற்காலத்தில் ஒரே விரலை நகத்தோடு மேலும் கீழும் ஆட்டி வாசிக்கப் பழகினார். நான் மூன்று விரல் முயன்றபோது குதிரை ஓட்டம் தானாக வந்தது, எந்தப் பாட்டை வாசித்தாலும் வந்தது, தாலாட்டிலும் வந்தது. விட்டுவிட்டேன்.

பெர்னார்ட் எட்வர்ட்ஸ், ஷிக் குழு. 1979இல் வந்த 'குட் டைம்ஸ்' பேஸ் வரியை எத்தனையோ பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள். அவர் கட்டை விரலையும் ஆள்காட்டியையும் சேர்த்துப் பிடித்து, ஆள்காட்டி நகத்தை பிக் மாதிரி மேலும் கீழும் ஓட்டுவார். இது விரல் வாசிப்பா, பிக் வாசிப்பா? பட்டிமன்றமே வைக்கலாம். நடுவராக என்னைப் போட்டால், பிக் தொலையாது என்ற ஒரே காரணத்துக்காக விரல் பக்கம் தீர்ப்பு.

பிப்ரவரி 3

வேகம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு ஆஸ்டன் பாரெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாப் மார்லியின் பேஸ்காரர், டிரம்ஸ் அவருடைய தம்பி கார்ல்டன். தம்பி முதல் மாத்திரையைக் காலியாக விட்டு மூன்றாவதில் அடிக்கிறார், அண்ணன் அந்தக் காலி இடத்தோடு விளையாடுகிறார். நெக் பக்கம் உருண்டையாக ஒலிக்கும் நோட்டுகள், நடுவில் பெரிய பெரிய மௌனங்கள். ஒரு முறை அவர் வரி ஒன்றை எழுதிப் பார்த்தேன். நோட்டை விட ஓய்வுக் குறிகள்தான் அதிகம் இடம் பிடித்தன. வாசிக்கச் சுலபம் என்று உட்கார்ந்தால், அந்த மௌனத்தில் கை துறுதுறுவென்று எதையாவது நிரப்பப் பார்க்கிறது. அதை அடக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அப்புறம் பினோ பல்லடினோ. எண்பதுகளில் ஃப்ரெட்லெஸ் பேஸால் பெயர் வாங்கிய வேல்ஸ்காரர். அதே மனிதர் பாடகர் டி'ஏஞ்சலோவின் 'வூடூ' (2000) ஆல்பத்தில் வேறு ஆளாக இருக்கிறார். நோட்டுகள் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து விழுகின்றன, விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், விழாது. இதைக் கேட்டுவிட்டு ஒத்திகையில் நானும் பின்னால் சாய்ந்து வாசித்தேன். எங்கள் டிரம்மர் பாதியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, தூக்கம் வந்தா சொல்லுங்க, ஒரு டீ அடிச்சுட்டு வந்துடலாம்" என்றான்.

அவன் சொன்னது சரி. பின்னால் சாய்வது வேறு, வேகம் குறைவது வேறு. பல்லடினோ ஒவ்வொரு நோட்டையும் ஒரே அளவு தாமதமாகப் போடுகிறார். நான் போடப் போடத் தாமதம் கூடிக்கொண்டே போயிற்று. நேராக வைக்கத் தெரிந்த பிறகுதான் சாய்க்க வேண்டும். எட்டு மாதத்தில் இது வேண்டாம்.

பிப்ரவரி 4

ஒருவர் கேட்கிறார்: "இத்தனை வெளிநாட்டுப் பெயர்கள், இளையராஜா பாட்டில் வரும் பேஸ் கண்ணுக்குத் தெரியவில்லையா?" கண்ணுக்கு எப்படித் தெரியும், காதுக்குத் தெரிகிறது. பேஸையும் அவரே எழுதிக் கொடுப்பவர். பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாகவே ஓடும். பல்லவியை விட்டுவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலான நம்மவர்களுக்கு பேஸ் என்று ஒரு வாத்தியம் இருப்பது தெரியும் முன்பே அந்த வரிகள் மனப்பாடம்.

கேள்வி விரலைப் பற்றியது என்பதால் இதை எடுக்கவில்லை. ஆனால் பயிற்சிக்கு இது தங்கம். ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் ஒரு பேஸ் வரியை முதலில் வாயால் பாடுங்கள். எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே விரலும் தந்தியை அடக்க வேண்டும். காணொளியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். நான் சொன்ன ஜேமர்சனைக் கேட்டாராம், "மரியாதை வந்தது, ஆசை வரவில்லை" என்கிறார். பட்டியலில் இருந்த வில்லி வீக்ஸ்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் ஒரு வரிகூட எழுதாத ஆள். நன்றாக வேண்டும் எனக்கு.

எது என்று கேட்டேன். பாடகர் டானி ஹாதவேயின் 1972 நேரலை ஆல்பத்தில் வரும் பேஸ் சோலோ. இப்போது புரிகிறது. அது தொடங்கும்போது சோலோ தொடங்கிவிட்டது என்றே தெரியாது. அதே க்ரூவில் இருந்துகொண்டு ஒரு நோட்டை இங்கே நகர்த்துவார், ஒன்றை விட்டுவிடுவார். கூட்டத்திலிருந்து குரல்கள் எழும். அவர் அவசரப்படவே மாட்டார். விரல் ஒரே சீர். வித்தை காட்டுகிறேன் பார் என்ற இடம் வரும்போதுகூட அடியில் தாளம் ஒரு இம்மி அசையாது.

சரி, அப்படியானால் இவரோடு இருங்கள். ஆசை யார்மேல் வந்ததோ அவர்தான் உங்கள் வாத்தியார். 9ஆம் தேதி 'ஒருவர் போதும்' என்றதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஒருவர் யார் என்று நான் முடிவு செய்ததுதான் தப்பு.

கூட்டம் என்றதும் நினைவு வருகிறது. வல்ஃப்பெக் குழு 2019இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 'டீன் டவுன்' வாசித்தபோது, அந்தப் பாட்டுக்குப் பாடல் வரிகளே கிடையாது, கூட்டம் முழுக்க ஜோ டார்ட்டின் பேஸ் வரியை வாயால் பாடியது. தகதிமி ஓட்டம் முழுவதையும். ஜோ டார்ட்டும் பிரெஸ்டியா வழியில் வந்தவர்தான், கேட்டாலே தெரியும். பேஸ்காரர்கள் யாராவது மனம் சோர்ந்திருந்தால் அந்தக் காணொளியைப் பாருங்கள்.

பிப்ரவரி 19

மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்து நேற்று என்னைப் பதிவு செய்தேன். ஜேமர்சன் பாணியில் நாலு பார், டிரம் லூப்போடு. நேரம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நோட்டும் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இருந்தும் கேட்டால் சேறு.

பிறகு நோட்டுகள் எங்கே முடிகின்றன என்று பார்த்தேன். இரண்டாம் பாரில் ஒரு நோட், ஸ்நேர் டிரம்மின் அடி விழுவதற்கு முன் நிற்க வேண்டியது, ஸ்நேரின்மேல் ஏறி அதைத் தாண்டியும் ஓடுகிறது. அடுத்த தந்திக்குத் தாவும்போது இடது கை விரலைத் தந்தியிலிருந்து முழுதாகத் தூக்கிவிடுகிறேன். தூக்கிய அந்த நொடியில் திறந்த தந்தி 'ம்ம்' என்று முனகுகிறது. ஒவ்வொரு தாவலிலும் ஒரு முனகல். எத்தனை வருடம் இதை ஆம்பின் குறை, அறையின் எதிரொலி என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ.

செய்தது இவ்வளவுதான்: வாசித்து முடித்த விரலைத் தூக்காமல், அழுத்தத்தை மட்டும் விட்டு ஒரு கணம் தந்தியின்மேல் விட்டுவைத்தேன். வலது கை கட்டை விரலைப் பிக்கப்பின்மேலேயே நட்டு வைக்காமல், மேல் தந்திகளுக்குப் போகும்போது அதுவும் கூட இறங்கி ஈ தந்தியின்மேல் சாய்ந்து அதை அடக்கும்படி விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பதிவு. அதே நோட்டுகள், அதே கிடார், ஸ்பாஞ்சை எடுத்துவிட்டேன். ஸ்நேர் முதல் முறையாகத் தனியே கேட்டது. டிரம்மருக்கு அனுப்பினேன். "லூப் மாத்தினீங்களா?" என்று கேட்கிறான்.

ஆக 9ஆம் தேதி எழுதிய ஸ்பாஞ்ச் வைத்தியத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்றேனே, தீரவில்லை, மறைந்திருந்தது. ஜேமர்சன் ஸ்பாஞ்ச் வைத்தார் என்பது உண்மை. அவருக்கு அது ஒலி. எனக்கு அது மூடி.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவர் தன் பதிவை அனுப்பியிருக்கிறார். வில்லி வீக்ஸின் க்ரூவில் எட்டு பார். பொது இடத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. இரண்டு விரலும் ஒரே எடை, எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 60இல் தகதிமி போட்டிருக்கிறார் என்பது தெரிகிறது.

ஐந்தாவது பாரில் ஜி தந்திக்குப் போகும்போது ஏ தந்தி முனகுகிறது. இடது கைச் சுண்டு விரலைத் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தூக்காமல் வாசித்து நாளைக்கு இன்னொன்று அனுப்புங்கள்.